கடனை அடைத்தால் மட்டும் போதுமா?
சூதாட்டத்தில் சிக்கிய வணிகரை மீட்க நாம் செய்ய வேண்டியவை

பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே கடைவீதி ஓய்ந்து கிடக்கும். காலை வியாபாரம் முடிந்து, மாலை வியாபாரம் தொடங்காத நேரம். விக்கிரவாண்டியானாலும் விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் மளிகைக்கடைக்காரர் சற்றே சாய்ந்து உட்காரும் வேளை அதுதான். சிலர் பேப்பர் படிப்பார்கள். சிலர் பாக்கி நோட்டைப் புரட்டுவார்கள். சிலர் கல்லாவின் மேல் தலை வைத்துக் கண் அயர்வார்கள். இன்னும் சிலர் யாரும் பார்க்காதபடி செல்போனைத் திருப்பி வைத்துக்கொண்டு, கேரள லாட்டரியின் முடிவு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கடைசி வகையினரைப் பற்றித்தான் இக்கட்டுரை. அவர்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் நம்மவர்களே. நம்மோடு சரக்கு எடுத்தவர்கள், நம் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதியவர்கள்.

சூதாட்டம் கெட்டது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம்மில் ஒருவர் அதில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டால், நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வழிதான். உறவினர்களும் நண்பர்களும் கூடுவார்கள். நகையை அடகு வைத்தோ மனையை விற்றோ கடனை அடைப்பார்கள். மயிலம் முருகன் சன்னதியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்கள். ஆறு மாதம் அமைதியாக இருக்கும். பிறகு பழைய கதை, பழையதைவிடப் பெரிய தொகையில் திரும்பி வரும்.

கடனை அடைப்பது மட்டும் உதவி ஆகாது. கல்லாவைப் பாதுகாப்பான கைக்கு மாற்றி, கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஆளை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பிறகு அடைக்கும் கடன்தான் உண்மையான உதவி. இதுவே நாம் சொல்ல வரும் செய்தி.

நம் மாவட்டம் மறக்கக் கூடாத பாடம்

தமிழக அரசின் பரிசுச் சீட்டு 1968-ஆம் ஆண்டு தொடங்கியது. 1990-களில் கடை நடத்திய நம் மூத்த உறுப்பினர்களுக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கும். பேருந்து நிலையம்தோறும் வரிசையாக லாட்டரிக் கடைகள். பல மாநிலங்களின் சீட்டுகள். ஒற்றை நம்பர், சுரண்டல் சீட்டு என்று விதவிதமான பெயர்கள். நம்மிடம் அரிசி வாங்க வேண்டிய கூலிப்பணம் அந்தக் கடைகளில் போய் விழுந்தது. 1998-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்தின் பேரில் பரிசு தரக் கூடாது என்றது. 2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லா லாட்டரிகளுக்கும் தடை விதித்தது. அன்று முதல் நம் மாநிலத்தில் எந்த லாட்டரிச் சீட்டையும் விற்க அனுமதி இல்லை.

கடைகள் மறைந்தன, ஆட்டம் மறையவில்லை. கேரள அரசு லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து ஆடும் 'மூன்று நம்பர்' ஆட்டம் துண்டுச் சீட்டிலும், பிறகு செல்போனிலும் புகுந்தது. அந்தப் பந்தயத்துக்கும் கேரள அரசுக்கும் தொடர்பு கிடையாது. அங்கே வெளியாகும் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, இங்கே தனி ஆட்கள் நடத்தும் சூது அது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில், இந்த ஆட்டத்தால் கடனில் மூழ்கிய ஒருவரின் குடும்பத்தில் பெரியவர்களும் குழந்தைகளுமாக ஐந்து உயிர்கள் போயின. அதற்குப் பிறகு போலீசார் பலரைக் கைது செய்தார்கள். ஊர் முழுவதும் சில நாள் அதே பேச்சாக இருந்தது. ஆனால் அந்தக் குடும்பம் இருந்த தெருவிலும் மளிகைக் கடை இருந்திருக்கும். பாக்கி ஏறுவதைக் கண்ட வியாபாரி ஒருவர் இருந்திருப்பார். அப்போது என்ன கேட்பது, எங்கே அனுப்புவது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறையாவது தெரிந்திருக்கட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

ஒரு கடையின் கதை

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அன்று. இப்படிப் பலருக்கும் நடப்பதைச் சேர்த்து ஒரு கடைக்காரராக வைத்துச் சொல்கிறோம்.

சாலையோரத்தில் நடுத்தரமான ஒரு மளிகைக் கடை. தகப்பனார் காலத்துக் கடை. மாதக் கணக்கு வாடிக்கையாளர்கள் அறுபது குடும்பம். மணிலாவும் உளுந்தும் அறுவடையாகும் காலத்தில் கிராமத்துப் பாக்கியெல்லாம் வசூலாகும். ஒரு நாள் பக்கத்து டீக்கடையில் ஒருவர், "சும்மா ஒரு நம்பர் சொல்லுங்கண்ணே" என்கிறார். மகள் பிறந்த தேதியைச் சொல்கிறார் நம்மவர். நம்பர் விழுந்துவிடுகிறது. வந்த பணத்தில் வீட்டுக்கு ஒரு மிக்சி வருகிறது. அந்த முதல் வெற்றிதான் அவருக்கு வந்த பெரிய நஷ்டம்.

அடுத்த மாதம் தினம் ஒரு சீட்டு. பிறகு தினம் பத்துச் சீட்டு. போனதை எடுக்க வேண்டும் என்ற வேகத்தில் ஆயில் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் போகிறது. மொத்த வியாபாரியிடம், "வசூல் வரல, அடுத்த வாரம் தர்றேன்" என்று தவணை சொல்கிறார். தண்டல்காரரிடம் கை நீட்டுகிறார். செல்போனில் நிமிடத்தில் கடன் தரும் செயலிகளில் வாங்குகிறார். கடைசியில் தீபாவளிச் சீட்டில் கை வைக்கிறார்.

இந்த இடத்தில் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் எத்தனையோ மளிகைக் கடைக்காரர்கள் தீபாவளிக்குப் பலகாரச் சாமான் சீட்டு நடத்துகிறார்கள். வீட்டு வேலை செய்யும் அம்மா முதல் கொத்து வேலை செய்பவர் வரை மாதாமாதம் கட்டுகிறார்கள். ரசீதைவிடக் கடைக்காரரின் முகத்தை நம்பித்தான் கட்டுகிறார்கள். அந்தப் பணம் சூதில் போனால், போவது ஒரு கடைக்காரரின் பணம் மட்டும் அன்று. ஐம்பது அறுபது குடும்பங்களின் தீபாவளியும், ஒரு தலைமுறை சேர்த்து வைத்த நாணயமும் சேர்ந்து போகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் கணக்குப் பார்த்துப் பிழைப்பவர்கள். இதையும் கணக்காகவே பார்க்கலாம். மூன்று இலக்கம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஒரு சீட்டு ரூ. 60, பரிசு ரூ. 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்ணையும் விற்றால் வசூல் ரூ. 60,000. விழுவது ஒரே எண், கொடுப்பது ரூ. 25,000. நடத்துபவருக்கு மிச்சம் ரூ. 35,000. அதாவது நூற்றுக்கு 58 ரூபாய்க்கு மேல் அவர் பெட்டிக்குப் போகிறது. சர்க்கரை மூட்டையில் நமக்கு நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். இப்படி ஒரு வியாபாரத்தில் வாங்குகிறவராக யாராவது நிற்பார்களா?

"என்றைக்காவது விழாமலா போகும்?" என்பார்கள். தினம் ஒரு சீட்டு வீதம் ஆயிரம் நாள் விடாமல் ஆடினாலும், நூறு பேரில் ஏறக்குறைய 37 பேருக்கு ஒரு முறைகூட விழாது. அந்த ஆயிரம் நாளில் ஒருவர் கட்டிய தொகை ரூ. 60,000. நேற்று விழாததால் இன்று விழும் வாய்ப்பு கூடுவதும் இல்லை. நேற்று என்ன நம்பர் வந்தது என்பது இன்றைய நம்பருக்குத் தெரியாது.

கணக்கு தெரிந்தும் ஏன் நிறுத்த முடிவதில்லை?

"கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதன், இவ்வளவு விவரமானவன், இப்படிச் செய்வானா?" என்று ஊர் கேட்கும். காரணம் உண்டு. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் மனித மனத்தை மிகவும் கட்டிப்போடுகிறது. 457 வாங்கியவருக்கு 458 விழுந்தால் அது தோல்வி. ஆனால் அவர் மனம், "ஒரே நம்பரில் தப்பிவிட்டது" என்று அதைப் பாதி வெற்றியாக எடுத்துக்கொள்கிறது. நூலிழையில் தவறும்போதும் மூளை வெற்றிக்குக் கிளர்வதுபோலவே கிளர்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதோடு, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியும் சேரும்போது மனிதன் தன் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை.

மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது இடம் பெற்றது. 2013-இல் அதே பட்டியலில் மது, போதைப் பழக்கங்களின் வரிசைக்கு மாற்றப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நோய்ப் பட்டியலிலும் சூதாட்ட நோய் என்ற பெயரில் அது இருக்கிறது. சர்க்கரை நோயாளியைப் பார்த்து, "மனக்கட்டுப்பாடு இருந்தால் சர்க்கரை தானே இறங்கும்" என்று சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்வோமா? இதுவும் அப்படித்தான்.

நோய் என்று சொல்வதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. கடனைக் கட்டும் பொறுப்பு அவருடையதே. சிகிச்சைக்கு வரும் பொறுப்பும் அவருடையதே. ஆனால் திட்டித் தீர்ப்பதால் இந்த நோய் தீராது என்பதை மட்டும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் தெரியும் அடையாளங்கள்

குடித்தவரை வாடை காட்டிக்கொடுக்கும். சூதாடுபவரை அப்படி எதுவும் காட்டிக்கொடுக்காது. கடைதான் காட்டிக்கொடுக்கும்.

அலமாரியில் முன்வரிசை மட்டும் நிறைந்திருக்கும்; பின்னால் காலியாக இருக்கும். வேகமாக ஓடும் சரக்கே இருப்பில் இல்லாமல் போகும். வியாபாரம் குறையவில்லை, ஆனால் மொத்தக் கடைப் பாக்கி ஏறும். மாலைக் கணக்கு முடிக்கும்போது கல்லாவில் துண்டு விழும். பழி கடைப் பையன் மேல் விழும். மனைவியோ மகனோ கல்லாவில் உட்கார்ந்தால் கோபம் வரும். வங்கிக் கணக்கையும் செல்போனையும் மறைப்பார். குறிப்பிட்ட நேரத்தில் எழுந்து வெளியே போவார். ஒரே தொகையை இரண்டு மூன்று பேரிடம் வெவ்வேறு காரணம் சொல்லிக் கைமாற்று கேட்பார். தூக்கம் கெட்டிருக்கும்.

இவற்றில் ஒன்றிரண்டு எல்லாக் கடையிலும் எப்போதாவது இருக்கும். நான்கைந்து சேர்ந்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால் கேட்டுவிடுவதே நல்லது.

எப்படிக் கேட்பது?

பத்துப் பேர் முன்னிலையில், பஞ்சாயத்து மாதிரி கேட்கக் கூடாது. கடை அடைத்த பிறகு, தனியாக, நம்பிக்கைக்குரிய ஒருவர் கேட்க வேண்டும்.

"அண்ணே, ரெண்டு மாசமா பில்லு நிக்குது. அதுக்காக நான் வரல. உங்க முகமே சரியில்ல. நம்பர் ஆட்டத்துல ஏதாவது மாட்டிக்கிட்டீங்களா? இருந்தா சொல்லுங்க, வழி இருக்கு."

இவ்வளவு போதும். முதல் தடவை மறுப்பார். கோபப்படவும் செய்வார். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். ஒப்புக்கொண்டாலும் முதலில் சொல்லும் கடன் தொகை உண்மைத் தொகையாக இராது. வெட்கத்தால் பாதியைத்தான் சொல்வார்.

இன்னொன்றையும் நேராகக் கேட்க வேண்டும். "மனசு வெறுத்து உயிரை விட்டுடலாம்னு தோணுதா அண்ணே?" இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே அவரைக் காக்கும். "ஆமாம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலும் கடையிலும் உள்ள பூச்சிமருந்து போன்ற ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடனைப் பற்றி மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

கல்லாவுக்கு வேலி

"இனிமேல் ஆட மாட்டேன்" என்ற சத்தியம் ஒரு நல்ல தொடக்கம். ஆனால் தன் கையைத் தானே கட்டிக்கொள்வது கடினம். முடிச்சு இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். பெரிய நாடுகளும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. சிங்கப்பூரில் 2010-இல் சூதாட்ட விடுதிகள் திறந்தபோது, குடும்பத்தார் விண்ணப்பித்தால் ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் உத்தரவுக்கும் வழி செய்தார்கள். இங்கிலாந்தில் ஒருவர் தன் பெயரைப் பதிந்தால் உரிமம் பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனங்கள் எல்லாமே அவரைச் சேர்க்க மறுக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அங்கே கிரெடிட் கார்டில் சூதாடவும் தடை. கடன் வாங்கிச் சூதாடக் கூடாது என்பது அதன் கருத்து.

நம் கடையில் அந்த வேலியை நாமே போடலாம். அவருடைய சம்மதத்தோடு, ஓர் ஆண்டுக்கு என்று காலம் குறித்து, காகிதத்தில் எழுதிச் செய்ய வேண்டியவை இவை:

1. கல்லா கைமாற வேண்டும். மனைவி, மகன், சகோதரர் என யாராவது ஒருவர் தினமும் மாலையில் கணக்கு முடிக்க வேண்டும். கடைச் செலவுக்கு அவர் கையில் ஒரு சிறு தொகை மட்டும்.

2. கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையின் பணம், குடும்பத்தில் வேறொருவர் இயக்கும் கணக்கில் சேரட்டும். இன்றைய வியாபாரத்தில் பாதிக் கல்லா அந்த அட்டைதான். பெட்டியைப் பூட்டிவிட்டு அட்டையைத் திறந்து வைப்பதில் பயனில்லை.

3. வங்கிக் கார்டில் இணையப் பரிவர்த்தனையை நிறுத்திவைக்கவும், தொகைக்கு வரம்பு வைக்கவும் ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் வசதி இருக்கிறது. வங்கிக்கு நேரில் போய்க் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

4. செல்போனில் உள்ள ஆட்டச் செயலிகள், கடன் செயலிகள், நம்பர் அனுப்பும் குழுக்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்க வேண்டும். நம்பர் விற்பவரின் தொலைபேசி எண்ணையும் தடுக்க வேண்டும்.

5. சீட்டுப் பணம் கடைக் கணக்கோடு கலக்கக் கூடாது. அதைத் தனிக் கணக்குக்கு மாற்றி, இன்னொருவர் பொறுப்பில் விட வேண்டும்.

6. அந்த ஓய்ந்த பகல் நேரத்தை நிரப்ப வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம், கொள்முதலுக்குப் போகலாம், பாக்கி வசூலுக்குத் துணையோடு போகலாம்.

7. தவறி ஒரு நாள் ஆடிவிட்டால், அன்று இரவுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். சொன்னால் சண்டை இல்லை, மறைத்தால்தான் சண்டை. இந்த நோயில் வழுக்கல் சகஜம். ஒரு நாள் வழுக்கியதற்காக ஆளைக் கைவிடக் கூடாது.

சட்டம் இருக்கிறதே என்று வேலியைத் தளர்த்த வேண்டாம். தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மி, போக்கர் ஆகிய இரண்டுக்கும் இருந்த தடையை மட்டும் நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெரிய நிறுவனங்கள் பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்தின. ஆனால் தெருமுனைத் துண்டுச் சீட்டும், வெளிநாட்டிலிருந்து நடத்தும் கள்ளச் செயலிகளும் சட்டம் வந்த அன்றே ஓடிவிடுவதில்லை.

பட்டியல் முதலில், பணம் பிறகு

வேலி போட்ட பிறகுதான் கடனுக்கு வர வேண்டும். மனைவி அல்லது குடும்பப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். வங்கி, நகை அடகு, மொத்தக் கடைப் பாக்கி, தீபாவளிச் சீட்டு, கைமாற்று, தண்டல், செயலிக் கடன். ஒவ்வொன்றுக்கும் அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, வட்டி எவ்வளவு.

பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுக்க வேண்டியவரிடம் நேராகக் கட்டி, ரசீதைத் தாளோடு சேர்த்துத் தையுங்கள். மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்து, மனிதரைக் கடனே இல்லாதவராக ஆக்கிவிடுவதும் ஆபத்து. "மறுபடி கடன் வாங்கலாம்" என்ற கதவு அங்கே திறக்கிறது. ஏழைகளின் சீட்டுப் பணத்தை முதலில் பத்திரப்படுத்திவிட்டு, மற்றவற்றை அவருடைய உழைப்பிலிருந்தே தவணையில் கட்ட வைப்பது நல்லது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று கழுத்தை நெரிப்பவர்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் பயந்து இன்னொரு கடன் வாங்காமல், போலீசில் புகார் கொடுங்கள். செயலி மோசடி, பணம் பறிப்பு என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930.

எங்கே போவது?

இதற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டியதில்லை. விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில், முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவு என்று கேட்டுப் புறநோயாளிச் சீட்டு எடுத்தால் போதும். புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு ஜிப்மர் இருக்கிறது. மருத்துவரிடம், "தூக்கம் வரவில்லை" என்று சுற்றி வளைக்காமல், "சூதாடுகிறேன், நிறுத்த முடியவில்லை, இவ்வளவு கடன் இருக்கிறது" என்று நேராகச் சொல்ல வேண்டும்.

அங்கே என்ன செய்வார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. பெரும்பாலும் பேசியே சிகிச்சை தருவார்கள். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் ஆடத் தோன்றுகிறது, அப்போது என்ன செய்யலாம் என்று வாரா வாரம் பயிற்சி தருவார்கள். மனச்சோர்வோ குடிப்பழக்கமோ சேர்ந்திருந்தால் அதற்கும் மருந்து தருவார்கள். நடுக்குவாதத்துக்குச் சாப்பிடும் சில மருந்துகளே சூதாடும் வேகத்தைத் தூண்டுவது உண்டு. எனவே வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் தொலைபேசியில் தொடங்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. சூதாடுபவர் பேச மறுத்தால் மனைவியோ மகனோ நண்பரோ பேசி ஆலோசனை கேட்கலாம். இந்த எண்களைக் கல்லாவின் உள்பக்கம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். கடைப் பையனுக்கோ வாடிக்கையாளருக்கோ தேவைப்படும்.

மொத்த வியாபாரிகளுக்கும் சங்கத்தாருக்கும்

மொத்த வியாபாரிகள் இதில் பெரிய உதவி செய்யலாம். பாக்கி ஏறியவுடன் சரக்கை அடியோடு நிறுத்தினால் கடை சாகும். கண்ணை மூடிக்கொண்டு கடனுக்குக் கொடுத்தால் சூது வளரும். நடுவழி ஒன்று இருக்கிறது. பழைய பாக்கியைத் தனியே ஒதுக்கித் தவணை போடுங்கள். புதுச் சரக்கு சிறு பில்லாக, கையோடு பணம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். ரொக்கமாகக் கைமாற்று மட்டும் கொடுக்காதீர்கள். "குடும்பத்திலிருந்து இன்னொருவரும் கூட வந்து கணக்குப் பார்க்கட்டும்" என்று கேளுங்கள். உங்கள் பணமும் பத்திரம்; அவர் கடையும் பிழைக்கும்.

சங்கத்தில், பேச்சு வெளியே போகாத மூத்த உறுப்பினர் இருவரை இதற்கென்று வைக்கலாம். கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசாமல், தேடி வருபவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் போய்வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடைசியாக ஒன்று, கசப்பானாலும் சொல்ல வேண்டும். "நம்பர் மட்டும் எழுதி வாங்கி வையுங்க, கமிஷன் தர்றோம்" என்று நம் பெட்டிக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் ஆள் வருவது உண்டு. சட்டப்படி அது குற்றம். அதைவிட, நம்மிடம் அரிசி வாங்கும் குடும்பத்தின் அடுப்பை நாமே அணைக்கிற வேலை அது. நூறு ரூபாய் கமிஷனுக்கு ஆயிரம் ரூபாய் வாடிக்கையை இழப்பது வியாபாரக் கணக்கும் அன்று.

குறளின் பொருட்பாலில் 'சூது' 94-ஆம் அதிகாரம். அதற்கு முந்தியது 'கள்ளுண்ணாமை'. அதற்கு அடுத்தது 'மருந்து'. சூதைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு வள்ளுவர் மருந்துக்குப் போகிறார். நாமும் அதே வரிசையில் போவோம். இன்று பகல் ஓய்ந்த நேரத்தில், பக்கத்துக் கடைக்காரர் முகம் வாடியிருந்தால் எழுந்து போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். மேலே சொன்ன அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.